இளவரசி கை நீட்டிய மண்குடுவை

மாட்ரிட்டுக்குப் பெட்டி கட்டும்போது குடை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாது. வருஷம் முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்துப் பிடித்தாலும் 400 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சென்னைக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு முழுநாள் எங்கள் கணக்கில் வந்து விழுந்தது. நவம்பர் மாதம். நானும் அக்காவும் அந்த ஊரில் இருந்ததே மூன்று நாள். ரெத்தீரோ பூங்காவில் காலாற நடப்பது, அங்கே ஏரியில் படகு விடுவது என்று இரண்டாம் நாளுக்குப் போட்டிருந்த திட்டம் விடிவதற்குள் நனைந்துவிட்டது.

அக்கா ஜன்னலைத் திறந்து மூக்கை வெளியே நீட்டினாள். "என்னடா தம்பி, இவ்வளவு பெய்யுது, மண்வாசனையே வரலையே!"

எப்படி வரும்? கீழே கல் பாவிய தெரு, எதிரே கல் கட்டடம், அதற்கப்பால் தார்ச்சாலை. அக்கா வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் சுற்ற வந்த இடத்திலும் பாடம் நடத்தாமல் அவளால் இருக்க முடியாது. மழை வாசனை என்று நாம் சொல்வது மழைத் தண்ணீரின் வாசனையே இல்லையாம். காய்ந்து கிடந்த களிமண்ணும் பாறையும் ஈரம் பட்டதும் விடுகிற மூச்சாம் அது. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் அதற்கு 'பெட்ரிகார்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு முன்பே உத்தரப் பிரதேசத்து அத்தர்க்காரர்கள் அந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கிக் குப்பியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த விஞ்ஞானிகளே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

தெருவில் கிடைக்காத அந்த வாசனை மதியத்துக்குள் எங்களுக்கு ஓர் ஓவியத்தில் கிடைத்தது. அப்புறம் சாப்பாட்டு மேஜையிலும் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மழைநாளில் வயிறு முதலில் கேட்பது சூடாகப் பொரித்த ஏதாவது ஒன்றை. இதில் மாட்ரிட்காரருக்கும் மாம்பலத்துக்காரருக்கும் வேற்றுமை இல்லை. நமக்கு பஜ்ஜி, அவர்களுக்குச் சூரோ. புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்திலிருந்து நாலு எட்டில், சான் ஹினெஸ் தேவாலயத்தை ஒட்டிய சந்தில், 1894 முதல் நடக்கும் சாக்லேட் கடை இருக்கிறது. கடைக்கும் சான் ஹினெஸ் என்றே பெயர். குடையை உதறிவிட்டு உள்ளே போனோம்.

சூரோ மாவுக்கு வேண்டியது மைதா, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். முறுக்கு உழக்கு மாதிரி ஒன்றில் அடைத்து, நட்சத்திர வில்லை வழியாகப் பிழிந்து எண்ணெயில் விடுகிறார்கள். அந்த நட்சத்திரம் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. வழவழவென்று உருட்டாகப் பிழிந்தால் உள்ளே சிக்கிய நீராவிக்கு வெளியே போக வழி கிடைக்காது, எண்ணெயிலேயே வெடித்துவிடும். வரிவரியாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும், மொறுமொறுப்பும் கூடும். கோகுலாஷ்டமிக்குச் சீடை வெடித்து முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கூட வந்த சாக்லேட் கோப்பையில் இருந்ததே தவிர, குடிக்கிற பதத்தில் இல்லை. கூழ்ப் பதம். இனிப்பு பின்னால் ஒதுங்கி நிற்க, கசப்பு முன்னே வந்து கை கொடுக்கிறது. சூரோவை முக்கித் தூக்கினால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் சாக்லேட் தேங்குகிறது. மேடுகளில் மேலோட்டமாக ஒரு பூச்சு. அதனால் ஒரே கடியில் உப்பும் கசப்பும் இனிப்பும் முறை வைத்துக்கொண்டு வருகின்றன. அக்கா கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணே சாமான்டா. அதுல இவ்வளவு யோசனை" என்றாள். அந்த வார்த்தையை அன்று இன்னும் பல இடத்தில் சொல்லவேண்டி வந்தது.

பிராதோ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும்போது கால்சட்டை முழங்கால் வரை ஈரம். மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தில், 1785இல், ஹுவான் தே வில்லானுவேவா என்ற கட்டடக் கலைஞர் இயற்கை அறிவியல் காட்சியகத்துக்காகத் திட்டமிட்ட கட்டடம் அது. 1819இல் திறந்தபோது ஓவியக்கூடமாகத் திறந்தது. உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. அக்காவுக்கு முதலில் இது பெரிய குறை. பேரக்குழந்தைகளுக்கு எதை அனுப்புவது? அரைமணி நேரத்தில் அந்த விதியின் அருமை புரிந்தது. தூக்கிப் பிடித்த போன்கள் இல்லாத அறையில் ஓவியமும் தெரிகிறது, ஓவியத்தைப் பார்க்கிறவர் முகமும் தெரிகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வழியில்லாததால், ஒவ்வொருவரும் அங்கேயே நின்று பார்த்துத் தீர்க்கிறார்கள்.

12ஆம் அறையில் இருக்கிறது 'லாஸ் மெனினாஸ்'. தியேகோ வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்தது. உயரம் சுமார் 320 சென்டிமீட்டர், அகலம் சுமார் 280. நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா. இரண்டு பக்கமும் தோழிப் பெண்கள். வலது ஓரத்தில் படுத்திருக்கும் நாய், அதன் முதுகில் காலை வைத்து எழுப்பும் குள்ளச் சிறுவன். இடது பக்கம் முதுகு காட்டி நிற்கும் பெரிய கித்தான், அதன் முன்னால் தூரிகையோடு வெலாஸ்கெஸ். பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் மங்கலாக மன்னர் நான்காம் ஃபெலிப்பேயும் அரசி மரியானாவும். அப்படியானால் ஓவியர் வரைந்துகொண்டிருப்பது யாரை, பார்க்கிற நாம் நிற்பது யாருடைய இடத்தில் என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் கண்ணாடிக்குள் போய்விடுவார்கள், வெளியே வருவதில்லை.

அக்கா கண்ணாடி வரைக்கும் போகவேயில்லை. "அந்தப் பொண்ணு தட்டுல என்னமோ நீட்டுதே, சின்னதா, செவப்பா. மண்கூஜாவா?" என்று அதிலேயே நின்றுவிட்டாள்.

கூஜாதான். அந்தப் பெண்ணின் பெயர் மரியா அகுஸ்தினா சர்மியெந்தோ. 1724இல் ஸ்பானிய ஓவியர்களின் வரலாற்றை எழுதிய அந்தோனியோ பாலோமினோ, படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும்போது, அவள் கொடுப்பது தண்ணீர் என்பதையும், அது 'பூக்காரோ' என்ற மண்குடுவையில் இருப்பதையும் குறித்துவைத்திருக்கிறார். 'மெனினா' என்றால் அரசகுடும்பத்துப் பணிவிடைத் தோழி. படத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1843இல் அச்சான அருங்காட்சியகப் பட்டியலில்தான். அதற்கு முன் அது அரச குடும்பத்துப் படம். ஆக, இன்று உலகம் முழுக்கச் சொல்லும் பெயர் இளவரசிக்கு உரியதில்லை. தண்ணீர் கொண்டுவந்த பெண்ணுக்கும் அவள் கூட்டாளிக்கும் உரியது.

அந்தக் குடுவையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். காவலர் அனுமதிக்கும் தூரம் வரை போனால், குடுவை கலைந்து போகிறது. சிவப்பில் சில தீற்றல், வெளிச்சத்துக்கு வெண்மையாக ஒரு தொடல், அவ்வளவுதான் மிச்சம். ஐந்தாறு அடி பின்னால் வந்தால் தீற்றல்கள் தாமாகக் கூடிக்கொண்டு, ஈரம் கசியும் மண்பாத்திரம் ஆகிவிடுகின்றன. வெள்ளிச்சாம்பல் நிறத்தில் பரந்து கிடக்கும் அந்தப் பாவாடைகளுக்கும் இருட்டான பெரிய அறைக்கும் நடுவே, விரற்கடை அளவுச் சிவப்பு. அதைப் பிடித்துக்கொண்ட கண், அடுத்த சிவப்பைத் தேடுகிறது. இளவரசியின் மார்பில் ஒரு பட்டுப்பூ. ஓவியரின் வண்ணத்தட்டில் ஒரு குமிழ். கண்ணாடிக்குள் அரச தம்பதியின் தலைக்குமேல் தொங்கும் திரை. கடைசியில் வெலாஸ்கெஸின் நெஞ்சில் சாந்தியாகோ வீரர் அணியின் சிலுவை. அந்த அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டது 1659இல். அதற்கப்புறம்தான் சிலுவை படத்தில் ஏறியிருக்கவேண்டும். அத்தனை பெரிய படத்தைக் கோத்துக் கட்டியிருக்கும் நூல் சிவப்பு என்றால், அதில் ஒரு முடிச்சு மண்ணால் ஆனது.

இளவரசியின் கையையும் கவனிக்கவேண்டும். வலது கை குடுவையை நோக்கி நீண்டுவிட்டது. கண்ணோ குடுவையில் இல்லை, நம்மைப் பார்க்கிறது. தினமும் இதே பாத்திரம் இதே பக்கத்திலிருந்து வந்து பழகிய கை அது. பார்க்காமலே எடுக்கும். அரண்மனை வாழ்க்கை என்றால் என்ன என்பதை அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது. முழங்கால் மடித்து நீட்டுகிற பெண்ணின் கண் மட்டும் இளவரசியை விட்டு அகலவில்லை.

அந்தக் குடுவைக்கு ஒரு கதை உண்டு. போர்ச்சுகலின் எஸ்த்ரெமோஸிலும் மெக்சிகோவின் தொனாலாவிலும் செய்த இந்தச் செம்மண் குடுவைகளை ஸ்பானிய மேட்டுக்குடியினர் தேடித்தேடி வாங்கினார்கள். காரணம் தண்ணீரைக் குளிரவைப்பது மட்டுமில்லை. மெல்லிய, கண்ணாடிப் பூச்சில்லாத அந்த மண் தண்ணீருக்குத் தன் வாசனையைக் கொடுக்கும். புதுமழை விழுந்த நிலத்தின் வாசனை. ஜன்னலில் அக்கா தேடியது அதுதான். குடித்து முடித்த சீமாட்டிகள் அதோடு விடவில்லை. குடுவையின் விளிம்பைக் கடித்துத் தின்றார்கள். முகம் வெளுத்து அழகாகும் என்று ஒரு நம்பிக்கை. தின்று தின்று வயிறு அடைத்துக்கொண்டால் அதற்கு வைத்தியம் இரும்பு ஊறிய தண்ணீர். அந்தத் தண்ணீர் குடித்து நடக்கப் போவதாகச் சாக்குச் சொல்லிக் காதலனைப் பார்க்கப் போகும் பெண்ணை வைத்து லோப்பே தே வேகா ஒரு நாடகமே எழுதிவிட்டார்.

இதை நான் சொன்னதும் அக்கா சிரித்தாள். "நாம பல்பம் தின்னலையா?" என்றாள். உண்மைதான். சிலேட்டுக் குச்சி தின்னாமல் ஒன்றாம் வகுப்புத் தாண்டியவர் நம் தலைமுறையில் குறைவு. மசக்கையில் மண்ணும் சாம்பலும் தேடிய பெண்கள் இல்லாத தெருவும் நம் ஊரில் இருந்ததில்லை. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னனின் காவல் சிறப்பைப் புகழ எடுத்துக்கொண்டது இந்த ஆசையைத்தான்: அவன் மண்ணைச் சூல் கொண்ட பெண்கள் விரும்பி உண்டால் உண்டு, பகைவர் உண்ணமுடியாது. மண் ருசி தெரிந்த புலவர். வெலாஸ்கெஸின் குடுவைக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் கண்ணாடிப் புதிரில் அவரும் நேரத்தை வீணாக்கியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

வெலாஸ்கெஸைவிடச் சில மாதம் மூத்தவர் ஃபிரான்சிஸ்கோ தே சுர்பரான். அவர் வரைந்த சிறிய படம் ஒன்று அதே கூடத்தில் இருக்கிறது. பொருள்: நாலு பாத்திரம். கதை: இல்லை. கறுத்த பின்னணி, ஒரு பலகை, அதன்மேல் வரிசையாக முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம், வெளிர் மண்ஜாடி, சிவப்பு மண்ஜாடி, மறுபடி ஒரு வெளிர் ஜாடி. மூன்றாவதாக நிற்கும் சிவப்பு ஜாடி பூக்காரோ. வெளிர் ஜாடிகள் செவீயா நகரின் திரியானா குயவர்கள் செய்கிற வகை. நம் மண்கூஜா மாதிரி மேலெல்லாம் வேர்த்து உள்ளே தண்ணீரைக் குளிர்விப்பவை. ஒன்றை ஒன்று தொடவில்லை, மறைக்கவில்லை. எல்லாம் ஒரே கோட்டில், கோயிலில் தரிசனத்துக்கு நிற்பதுபோல. இடப்பக்கத்து வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய் விசாரித்துவிட்டு வருகிறது. வெள்ளிக்குக் கொடுத்த மரியாதையில் ஒரு பொட்டும் குறையாமல் மண்ணுக்கும் கொடுத்திருக்கிறார். வெள்ளி பளபளக்கிறது; அது அதன் சுபாவம். மண் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இரண்டில் எதை வரைவது கஷ்டம் என்று கேட்டால், சும்மா நிற்பதை என்றுதான் சொல்வேன்.

இப்படி அசையாப் பொருள்களை வரையும் படத்தை ஸ்பானியர் 'போதெகோன்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு மலிவான சாப்பாட்டுக்கடை என்றும் பொருள் உண்டு. அடுப்படியும் ஓவியமும் அவர்கள் மொழியிலேயே ஒரு கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஹுவான் சான்செஸ் கோத்தான் 1602இல் வரைந்த படத்தில் எலுமிச்சையும் ஆப்பிளும் பறவைகளும் நூலில் கட்டித் தொங்குகின்றன. கெட்டுப்போகாமல் இருக்கச் சரக்கறையில் காய்கனியைக் கட்டித் தொங்கவிடுவது அந்தக் காலத்து வழக்கம். கீழே காரட், முள்ளங்கி, கார்தோ என்கிற தடித்த தண்டுக் கீரை. அந்தத் தண்டின் வளைவையும் நரம்பையும் பார்த்தால் ஆள் அதை வரைவதற்கு முன் பல நாள் ஆய்ந்து, நார் உரித்து, சமைத்தவர் என்று தோன்றும். மறு ஆண்டு அவர் மடத்தில் சேர்ந்து துறவியானார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு தண்டை அப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேறு என்ன வேண்டியிருக்கும்?

கிளம்பும்போது கோயாவின் கறுப்பு ஓவியங்கள் இருக்கும் அறை வழியில் வந்தது. காது கேளாத முதியவர், எழுபதைத் தாண்டியபின், தம் வீட்டுச் சுவர்களில் தமக்காகவே வரைந்த 14 படங்கள். பிற்பாடு சுவரிலிருந்து பெயர்த்துக் கித்தானுக்கு மாற்றியவை. அதில் ஒன்றில் இரண்டு கிழங்கள் சூப் குடிக்கிறார்கள். ஒருவருக்குப் பல் இல்லை, கையில் கரண்டி. இன்னொருவர் முகம் மண்டையோடு. அக்கா ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "வா, சாப்பிடப் போகலாம். இதுக்கு மேல பார்த்தா சாப்பாடு இறங்காது" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

சாப்பிடப் போன இடம் லா போலா. 1870இல் தொடங்கிய கடை, அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில். இந்த இடத்துக்கு வேறொரு பொருத்தம் இருக்கிறது. 'லாஸ் மெனினாஸ்' படத்தில் நாம் பார்க்கும் அறை இருந்தது பழைய அல்காஸர் அரண்மனையில். 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அது எரிந்துபோயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பலாயின. இந்தப் படம் தப்பியது. அந்தத் தரையிலேயே இன்றைய அரண்மனை எழுந்தது. அகுஸ்தினா குடுவையை நீட்டிய இடத்திலிருந்து சில நிமிட நடையில் நாங்கள் உட்கார்ந்து மண்பானைச் சாப்பாடு கேட்டோம்.

கோசிதோ மாட்ரிலெஞோ. கொண்டைக்கடலையும் இறைச்சியும் ஒன்றாக மணிக்கணக்கில் வெந்த பானை. இங்கே அதை ஆளுக்கொரு பானையாக ஓக் மரக்கரி அடுப்பில் வைக்கிறார்கள். எங்களுக்கு வந்த பானை ஒரு சாண் உயரம், குறுகிய கழுத்து, அடிவயிறு முழுக்கப் பல வருஷத்துக் கரி. பரிமாறுகிறவர் முதலில் வெறும் கிண்ணத்தை வைத்தார். அதில் வெந்த மெல்லிய சேமியா மட்டும். பிறகு பானையைத் துணியால் பிடித்து, கழுத்து வழியே கடலையும் இறைச்சியும் நழுவாமல், சாற்றை மட்டும் சேமியாமேல் வடித்தார். ரசம் வடிக்கும்போது மண்டி கலங்காமல் கையை நிறுத்துவார்களே, அந்தக் கை. "குய்தாதோ" என்றார். பார்த்து, சுடும்.

அந்தச் சாற்றில் மசாலா என்று சொல்ல ஒன்றுமில்லை. நம் நாக்கு முதல் வாயில் தேடுகிறது: மிளகு எங்கே, தாளிதம் எங்கே? இரண்டாம் வாயில் தேடுவதை நிறுத்திவிடுகிறது. எலும்பின் கனம், கடலையின் மாவுச்சுவை, சொரிசோத் தொத்திறைச்சியிலிருந்து கசிந்த மிளகாய்ச் சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் புகையும் மண்ணும். ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. சுர்பரான் பலகைமேல் பாத்திரங்களை நிறுத்திய மாதிரிதான். ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை.

சூப் முடிந்ததும் பானையைத் தட்டில் கவிழ்த்தார்கள். கடலை, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, கோழி, பன்றிக்கொழுப்பு, சொரிசோ; பக்கத்தில் கோசு. முட்டாமல் மோதாமல் வெந்த கடலை. அதற்கும் பக்குவம் உண்டு. மற்றப் பயறுகளைப்போலப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கொண்டைக்கடலை விறைத்துக்கொள்ளும் என்று காஸ்தீல் நாட்டுச் சமையல்காரர்கள் சொல்வார்கள். இரவெல்லாம் ஊறியதைக் கொதிக்கிற தண்ணீரில்தான் இடுவார்கள். அதன்பின் நெருப்பு தணிந்தே இருக்கவேண்டும். கொதி துள்ளினால் தோல் கழன்றுவிடும். எங்கள் தட்டில் தோல் கழன்ற கடலை ஒன்றுகூட இல்லை. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால் வெண்ணெயாகிவிடுகிறது. ஆனால் பார்க்க முழுசு.

அக்கா கடலையையும் கோசையும் எடுத்துக்கொண்டு கொழுப்பை என் பக்கம் தள்ளினாள். அந்தத் தட்டில் பன்றி இத்தனை தாராளமாக இருப்பதற்கும் ஒரு சரித்திரக் காரணம் சொல்வார்கள். இதன் மூதாதை 'அதஃபினா' என்ற யூதச் சமையல். சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளி மாலையே பானையைத் தணலில் புதைத்து இரவு முழுக்க வேகவிடுவார்கள். 1492இல் மதம் மாறாத யூதர்களை நாட்டைவிட்டு விரட்டினார்கள். மாறித் தங்கியவர்கள்மேல் சந்தேகம் தீரவில்லை. பானையில் பன்றியைப் போட்டுக் காட்டினால்தான் அக்கம்பக்கம் நம்பும். ருசிக்காகச் சேர்ந்தது கொஞ்சம், பயத்துக்காகச் சேர்ந்தது கொஞ்சம். அதைக் கேட்டபின் அக்கா என் தட்டிலிருந்த கொழுப்பை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாலை ஏழு மணிக்கு ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டில் மருத்துவமனையாகக் கட்டிய இடம். உயர்ந்த கூரையும் நீண்ட நடைகளும் இன்னும் அதைச் சொல்கின்றன. பிக்காசோவின் 'குவெர்னிக்கா' அங்கே இருக்கிறது. 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. பாஸ்க் நாட்டுச் சிற்றூர் குவெர்னிக்காவில் சந்தை நாள். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படைக்குத் துணை வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. பாரிஸில் இருந்த பிக்காசோ சில வாரங்களில் இந்தப் படத்தை முடித்தார். அகலம் ஏழே முக்கால் மீட்டர். பகல் முழுக்கச் சிவப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இதில் நிறமே இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல்.

நயம் பாராட்டுகிற வாய் இந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் தயங்கவேண்டும். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். படத்தின் அடியில் விழுந்து கிடக்கும் வீரனுக்கு ரத்தம் இல்லை. கை தனியாக, தலை தனியாக, உள்ளே கூடு தெரிய, உடைந்த மண்பொம்மை மாதிரி கிடக்கிறான். பிடித்த கையில் முறிந்த வாள். அதன் பக்கத்தில், தேடினால்தான் தெரியும் அளவில், கோட்டால் மட்டும் வரைந்த ஒரு சின்னப் பூ. அக்கா அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கண்டுபிடித்தபின் படத்தின் வேறெந்தப் பக்கமும் திரும்பவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் கூடையில் என்ன கொண்டுவந்திருப்பார்கள் என்று வெளியே வரும்போது கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மழை விட்டபாடில்லை. இரவுக்கு லா காசா தெல் அபுவெலோவில் இறால். 1906இல் தொடங்கிய கடை. பெயருக்குத் தாத்தா வீடு என்று பொருள். இறால், ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு. அரைச்சாண் அகலச் சிறு மண்சட்டியில், எண்ணெய் இன்னும் சடசடத்துக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு வந்துவிடுகிறது. மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். அடுப்பிலிருந்து இறங்கும்போது முக்கால் வேக்காட்டில் இருந்த இறால், மீதிக் காலை நம் கண்ணெதிரே முடித்துக்கொள்கிறது. பூண்டு கருகும் முன் நின்றிருந்தது. ஓரத்தில் மட்டும் பொன்னிறம். ஒரு நொடி தாமதித்தால் கசக்கும், ஒரு நொடி முந்தினால் பச்சை நாற்றம். எண்ணெயை மிச்சம் வைப்பது அங்கே அவமரியாதை. ரொட்டியைப் பிய்த்து, சட்டியின் அடி தெரியும் வரை துடைத்துச் சாப்பிடவேண்டும்.

துடைத்த சட்டியின் அடியை அக்கா மூக்கருகே கொண்டுபோனாள். பூண்டும் எண்ணெயும் போக, சுட்ட மண் வாசனை. காலையில் ஜன்னலில் கிடைக்காதது. "அஞ்சே சாமான்" என்றாள். சட்டியையும் சேர்த்தால் ஆறு.

அந்த ஊர் ஓவியர்களையும் சமையல்காரர்களையும் பற்றி எனக்குத் தோன்றுவது இதுதான். சாமானைக் குறைத்துக்கொள்வார்கள், குறைத்ததை மறைக்கமாட்டார்கள், மண்ணை மண்ணாகவே விடுவார்கள். வெள்ளிக் கிண்ணத்துக்கும் மண்ஜாடிக்கும் ஒரே வெளிச்சம் போதும் என்பது சுர்பரானின் தீர்ப்பு. எனக்கும் அதுவே தீர்ப்பு.

மாட்ரிட் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரைக்கும், ஞாயிறன்று 5 முதல் 7 வரைக்கும் பிராதோவில் நுழைவு இலவசம். மழை பெய்தால் இன்னும் நல்லது. நேரே 12ஆம் அறைக்குப் போங்கள். கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இளவரசியின் வலது கைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு மண்குடுவை இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.